பந்தயக் கடையின் விலைப்பலகை

(கிழக்கு லண்டனில் தமிழ்ப் பெற்றோரும் இளைஞர்களும் கூடியிருந்த மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறவன். இது தெரிந்ததும் எங்கள் ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி ஒன்று உண்டு: "சனிக்கிழமை ஆர்சனல் வெல்லுமோ, மாஸ்டர்?" பெரும்பாலும் வெல்லும் என்று நானும் சொல்லுவேன். அந்தப் பதிலை வைத்து ஒரு பென்னிகூடச் சம்பாதிக்க முடியாது. ஆர்சனல் பலமான அணி என்பது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், தெருமுனைப் பந்தயக் கடைக்கும் தெரியும். கடைக்காரர் அதைக் கணக்கில் எடுத்துத்தான் விலை எழுதியிருக்கிறார். ஆகவே ஆர்சனலின் வெற்றியை அவர் என்ன விலைக்கு விற்கிறார், அந்த விலை சரியா என்பதைத்தான் நீங்கள் கேட்கவேண்டும். இன்றைக்கு நான் கதைக்கப்போவது முழுக்க அந்த விலையைப் பற்றித்தான்.

உதைபந்தாட்டத்தில் புத்தியாகப் பந்தயம் பிடிப்பது எப்படி என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். முன்வரிசையில் இருக்கிற அம்மாமார் சிலரின் முகம் அதைக் கேட்டுச் சுருங்கியதைக் கண்டேன். அவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இந்த நாட்டில் தெருவில் பந்தயக் கடை திறப்பது 1961 மே மாதம் முதலாம் திகதி தொடக்கம் சட்டபூர்வமானது. பதினெட்டு வயது நிரம்பிய எவரும் உள்ளே போகலாம். இப்போது போகவும் தேவையில்லை, கடை பிள்ளையின் கைத்தொலைபேசிக்குள் இருக்கிறது. பிடிக்காதே என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், பிள்ளை இந்தக் கணக்கைப் புக்கியிடம், அதாவது பந்தயக் கடைக்காரரிடம்தான், படிக்கும். அவர் எடுக்கிற ரியூசன் ஃபீஸ் கொஞ்சநஞ்சமல்ல.

கடையின் விலைப்பலகையில் 6/4 என்று எழுதியிருந்தால், 4 பவுண் வைத்து வென்றவருக்கு 6 பவுண் இலாபம், வைத்த 4 பவுணும் திரும்பிவரும். அதையே தொலைபேசியில் 2.50 என்று காட்டுவார்கள். ஒரு பவுண் வைத்தால் மொத்தமாகக் கைக்கு வருவது 2.50 என்று பொருள். ஒன்றை அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். 1 வகுத்தல் 2.50, விடை 0.40. இந்த அணி வெல்ல நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு இருக்கிறது என்று கணக்குப் போட்டால்தான் அந்த விலை இலாபமும் இல்லை நட்டமும் இல்லை என்று ஆகும். எந்த விலையைக் கண்டாலும் இந்த ஒரு வகுத்தலைச் செய்யுங்கள். ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான், ஆனாலும் கடைக்குள் நிற்கிற பத்துப் பேரில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள் என்பது எனக்குச் சந்தேகம்.

இனி ஒரு ஆட்டத்தை எடுப்போம். சொந்த மைதானத்தில் ஆடுகிற அணி சராசரியாக 1.5 கோல் போடக்கூடியது, வந்து ஆடுகிற அணி 1.2 கோல் போடக்கூடியது என்று வையுங்கள். பிரீமியர் லீக்கில் இது சாதாரணமான ஒரு சோடி. கோல் என்பது அபூர்வமாக, முன்னறிவிப்பில்லாமல் விழுகிற சம்பவம். அப்படிப்பட்ட சம்பவங்களுக்கென்று புவசோன் பரவல் என்ற ஒரு கணக்கு இருக்கிறது. 1898இல் போர்ட்கேவிச் என்பவர் பிரஷ்யப் படையில் குதிரை உதைத்துச் செத்தவர்களின் எண்ணிக்கையை அதிலே பொருத்திக் காட்டினார். வருடத்துக்கு ஒரு படைப்பிரிவில் ஒருவர் சாவார், அல்லது ஒருவரும் சாகமாட்டார். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு கோல் விழும், அல்லது விழாது. கணக்கு ஒன்றுதான்.

அந்தக் கணக்கின்படி, நான் சொன்ன ஆட்டத்தில் உள்ளூர் அணி வெல்ல வாய்ப்பு நூற்றுக்கு 44, வந்த அணி வெல்ல 30, மிகுதி ஏறத்தாழ 26 சமநிலை. கவனியுங்கள், பலவீனமான அணிக்கும் நூற்றுக்கு முப்பது இருக்கிறது. கூடைப்பந்தில் ஒரு அணி நூறு புள்ளி எடுக்கிறது, அங்கே அதிர்ஷ்டத்துக்கு இடம் குறைவு. உதைபந்தாட்டத்தில் முழு ஆட்டத்துக்குமே இரண்டு, மூன்று கோல்தான். ஒரு பந்து தூணில் பட்டு வெளியே போவதும் உள்ளே போவதும் முழு முடிவையும் மாற்றிவிடும். இந்த விளையாட்டில் எங்களுக்குப் பைத்தியம் பிடிப்பதும் அதனால்தான், இதிலே காசு தொலைவதும் அதனால்தான்.

வெறும் புவசோன் கணக்கு 0-0, 1-1 போன்ற சிறிய முடிவுகளில் கொஞ்சம் பிசகும். லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிக்சன், கோல்ஸ் இருவரும் 1997இல் அதைத் திருத்தி ஒரு கட்டுரை எழுதினார்கள். பந்தயத் தொழிலில் இருப்பவர்கள் அதை இன்றைக்கும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவார்கள். எங்கள் உதாரணத்துக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை.

44, 26, 30 என்பவை முழு எண்ணாக்கியவை; முழு எண்ணாக்காமல் கணக்கிட்டால் நியாயமான விலை முறையே 2.27, 3.92, 3.29. கடையில் என்ன எழுதியிருக்கும்? 2.15, 3.70, 3.15 என்பது போல ஏதோ ஒன்று. மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் குறைவு. ஒன்றை ஒவ்வொன்றாலும் வகுத்துக் கூட்டினால் 105 சதவீதம் வரும். உலகத்தில் எல்லா வாய்ப்புகளையும் கூட்டினால் நூறுக்கு மேல் வராது. அந்த மேலதிக ஐந்துதான் கடையின் பங்கு. இங்கே கடை வைத்திருப்பவர்கள் பல பேர் இருக்கிறீர்கள். முருங்கைக்காய்ப் பெட்டி எடுத்த விலைக்கு மேலே எவ்வளவு வைப்பது என்பதை நான் உங்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. புக்கி செய்வதும் அந்த வியாபாரம்தான். என்ன, அவர் எடுத்த விலை பெட்டியில் எழுதியிருக்காது.

இதை வைத்து என்ன சொல்லலாம்? எந்த அணியைத் தெரிந்தெடுத்தாலும், நீண்ட காலத்தில் நூறு பவுண் வைத்தால் ஏறத்தாழ தொண்ணூற்றைந்து திரும்பிவரும். படம் பார்க்கப் போகிறோம், டிக்கெட் எடுக்கிறோம். ஒரு ஆட்டத்தைச் சூடாகப் பார்ப்பதற்கு இருபது பவுணில் ஒரு பவுண் டிக்கெட் என்று நினைத்தால் அது அநியாய விலை என்று நான் சொல்லமாட்டேன். இதில் வருமானம் வரும் என்று நம்புகிறவர்தான் கணக்கில் பிழைவிடுகிறார்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் எழும்பிக் கேட்பார்: "அப்ப லெஸ்டர்?"

சரி, லெஸ்டரைக் கதைப்போம். 2015-16 பருவம் தொடங்கும்போது லெஸ்டர் சிட்டி பிரீமியர் லீக்கை வெல்லும் என்பதற்குக் கடைகளில் 5000/1 எழுதியிருந்தார்கள். ஒரு பவுண் வைத்தவருக்கு ஐயாயிரம். 2016 மே 2ஆம் திகதி செல்சியுடன் டொட்டன்ஹாம் 2-2 என்று சமநிலையில் முடிக்க, லெஸ்டர் வீட்டில் இருந்தபடியே சம்பியனானது. முடிவில் 81 புள்ளி, இரண்டாமிடத்து ஆர்சனலை விடப் பத்து அதிகம். பந்தயத் தொழிலுக்கு மொத்தம் 25 மில்லியன் பவுண் அளவில் நட்டம் என்று பத்திரிகைகள் எழுதின.

கணக்குத் தெரிந்தவனுக்கு இந்தக் கதையில் வெற்றியை விட விலைதான் வேடிக்கை. 5000/1 என்றால் ஐயாயிரம் பருவத்தில் ஒரு தடவை. இங்கிலாந்து லீக் தொடங்கியதே 1888இல்தான். உலக யுத்தங்களுக்கு நின்ற வருடங்களைக் கழித்துவிட்டால், அதுவரை நடந்தவை நூற்றிருபது பருவத்தை ஒட்டித்தான். அதற்குள்ளேயே அல்ஃப் ராம்சியின் இப்ஸ்விச், கீழ்ப் பிரிவிலிருந்து மேலே ஏறிவந்த முதல் வருடத்திலேயே 1962இல் லீக்கை வென்றது. பிரையன் கிளஃபின் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்டும் அப்படியே 1978இல் வென்றது. லெஸ்டர் முந்திய பருவத்தின் கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்று கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பிவந்த அணி. பெரிய கழகங்களின் பணபலம் பிற்காலத்தில் மலையளவு கூடியது உண்மை. அதற்காக ஐயாயிரமா? அந்த எண்ணை ஒருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்து எழுதவில்லை என்பது என் அபிப்பிராயம். ஒருவரும் வாங்காத சாமானுக்கு யாரோ ஒருவர் வாய்க்கு வந்த விலையை ஒட்டிவிட்டார்.

ஆனால் இதிலிருந்து எங்கள் இளைஞர்கள் எடுத்த பாடம் தலைகீழ். நீண்ட விலைக்குப் போட்டால் ஒருநாள் விழும் என்று நினைக்கிறார்கள். குதிரைப் பந்தயத்தில் 1949 தொடக்கம் ஆய்வாளர்கள் கண்டுவருகிற ஒரு விடயம், உதைபந்தாட்டத்திலும் பெரும்பாலும் காணப்படுகிறது: வாய்ப்புக் கூடிய அணியின் விலையில் கடை கொஞ்சமாக வெட்டுகிறது, வாய்ப்புக் குறைந்த அணியின் விலையில் கூட வெட்டுகிறது. ஏனென்றால் சின்னக் காசுக்குப் பெரிய கனவு வாங்குகிறவர் விலையைப் பார்ப்பதில்லை. 33/1 எழுதவேண்டிய இடத்தில் 25/1 எழுதினாலும் வாங்குவார். ஆகவே லெஸ்டர் ஒரு விதிவிலக்கு. விலை தவறுதலாக அதிகமாகிப்போன அபூர்வமான ஒரு தருணம். சாதாரண சனிக்கிழமையில் நீண்ட விலைதான் கடையிலேயே மோசமான சாமான்.

இன்னொன்று. லெஸ்டர் சீட்டை வைத்திருந்த சிலர், ஆட்டங்கள் மிச்சமிருக்கும்போதே கடை தந்த தொகையை வாங்கிக்கொண்டு விலகினார்கள். முட்டாள்கள் என்று பலர் சிரித்தார்கள். நான் சிரிக்கமாட்டேன். கடை அப்படி இடையில் தருகிற தொகை அநேகமாக எப்போதும் நியாயமான பெறுமதியை விடக் குறைவுதான், இரண்டாம் தடவையும் பங்கு எடுக்கிறார்கள். ஆனால் வீட்டுக் கடன் கட்டுகிற ஒருவருக்கு முதல் முப்பதாயிரம் பவுண் செய்கிற வேலையை அடுத்த முப்பதாயிரம் செய்யாது. டானியேல் பேர்னூலி 1738இலேயே இதை எழுதிவைத்துவிட்டார். அவர்களைப் பார்த்துச் சிரித்தவர்களில் ஒருவர் கையிலும் சீட்டு இருந்திருக்காது.

இனி அக்யூமுலேட்டர். இந்த ஊர்ப் பிள்ளைகள் அதைச் சுருக்கி "அக்கா" என்கிறார்கள். "நேற்று அக்கா விழுந்திட்டுது அம்மா" என்று மகன் சொன்னால் பதறாதீர்கள், ஐந்து ஆட்டங்களை ஒரே சீட்டில் கோர்த்துப் போட்டிருக்கிறான், அவ்வளவுதான். ஐந்தும் சரிவந்தால்தான் காசு. கடைகள் விளம்பரத்தில் இதைத்தான் தூக்கிப் பிடிக்கின்றன. ஏன் என்று பார்ப்போம்.

ஐந்து பலமான அணிகள், ஒவ்வொன்றும் வெல்ல நூற்றுக்கு எழுபது வாய்ப்பு என்று வையுங்கள். எல்லாம் நல்ல அணிகள், ஐந்தும் வெல்லும் என்றே மனம் சொல்லும். 0.7ஐ ஐந்து தடவை பெருக்கினால் 0.168. ஆறு தடவை போட்டால் ஒரு தடவைதான் விழும். நியாயமான விலை 5.95. ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் கடை ஐந்து சதவீதம் வெட்டி 1.43க்குப் பதிலாக 1.36 எழுதியிருக்கும். அதை ஐந்து தடவை பெருக்கினால் 4.65. பத்துப் பவுணுக்கு 59.50 வரவேண்டிய இடத்தில் 46.50 வருகிறது. தனி ஆட்டத்தில் ஐந்து சதவீதமாக இருந்த வெட்டு, ஐந்தைக் கோர்த்ததும் இருபதைத் தாண்டிவிட்டது. பத்து ஆட்டத்தைக் கோர்த்தால் நாற்பது. எந்தச் சாமானுக்கு மார்ஜின் கூட இருக்கிறதோ அதைத்தான் கடையில் கண்ணில் படுகிற தட்டில் வைப்பார்கள்.

இதைவிடக் கூர்மையான விடயம் வேறொன்று. அந்த ஐந்தில் சரியாக நாலு மட்டும் வெல்ல வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? நூற்றுக்கு 36. ஐந்தும் விழுவதை விட இரண்டு மடங்குக்கு மேல். உண்மையில் அந்தச் சீட்டுக்கு நடக்கக்கூடிய முடிவுகளில் ஆகக் கூடிய வாய்ப்புள்ளது, ஒன்றால் தவறுவதுதான்! "நாலு வந்திட்டுது, கடைசி நிமிசத்தில் அவங்கள் பெனால்ட்டி குடுத்திட்டாங்கள்" என்று திங்கட்கிழமை புலம்புகிற பிள்ளை, தனக்கு மட்டும் ஏதோ அநியாயம் நடந்ததாக நினைக்கிறான். மயிரிழையில் தப்பியது, அடுத்த கிழமை கட்டாயம் விழும் என்று நினைத்துத் திரும்பவும் போடுகிறான். அவனுக்கு நடந்தது அந்தச் சீட்டின் சர்வசாதாரணமான முடிவு.

இப்படிப் பல ஆட்டங்களைக் கோர்த்துப் போடுவது இந்த ஊருக்குப் புதிதுமல்ல. ஜோன் மூர்ஸ் என்பவர் 1923இல் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து லிட்டில்வூட்ஸ் என்ற பெயரில் கூப்பன் அடித்து மான்செஸ்டரில் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்துக்கு வெளியே கொடுத்தார். முதலில் கொடுத்த நாலாயிரத்தில் திரும்பி வந்தது முப்பத்தைந்து. கொஞ்சக் காலத்தில் அந்த ஃபுட்போல் பூல்ஸ் நாட்டின் கிழமைச் சடங்காகிவிட்டது. கூப்பனில் சமநிலையில் முடியும் ஆட்டங்களைக் கண்டுபிடித்துக் குறிக்கவேண்டும். 1963 கடுங்குளிரில் மைதானங்கள் உறைந்து ஆட்டங்கள் நின்றபோது, கூப்பனைத் தொடர ஒரு வழி கண்டார்கள். பழைய வீரர்களை ஒரு அறைக்குள் உட்காரவைத்து, ஆடாத ஆட்டங்களுக்கு முடிவு தீர்மானிக்கச் சொன்னார்கள். பந்து உருளாமலே பந்தயம் ஓடியது. பந்தயத்துக்கு ஆட்டம் எவ்வளவு தூரம் தேவை என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைத்ததில்லை.

"இதெல்லாம் தெரியாதவைக்கு, எனக்கு உதைபந்தாட்டம் தெரியும்" என்பார் சிலர். இருக்கலாம். எப்படி நிரூபிப்பீர்கள்? கடந்த இருபதில் பதின்மூன்று வென்றேன் என்பது நிரூபணமல்ல. நாணயம் சுண்டிப் போட்டாலே எட்டுப் பேரில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட பதின்மூன்றோ அதற்கு மேலோ வாய்க்கும். வட்ஸ்அப்பில் "நாளைக்கு உறுதி" என்று அனுப்புகிற தீர்க்கதரிசிகள் அப்படித்தான் பிறக்கிறார்கள். மிச்ச ஏழு பேரும் மௌனமாகிவிடுவதால் அவர்களை எங்களுக்குத் தெரியாது. இரட்டிப்பு விலையை ஒட்டிய பந்தயங்களில் உண்மையாகவே ஐந்து சதவீத அனுகூலம் உள்ள கெட்டிக்காரர் ஒருவர், அது திறமைதான் அதிர்ஷ்டமல்ல என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல ஏறத்தாழ 1600 பந்தயம் பிடித்திருக்கவேண்டும். கிழமைக்கு மூன்று பிடித்தால் பத்து வருடம்.

காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. நீங்கள் வாங்கிய விலையைக் கொப்பியில் எழுதுங்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முந்திய நிமிடத்தில் அதே விலை என்ன என்றும் எழுதுங்கள். காயம், வானிலை, அணித் தெரிவு எல்லாம் வெளியான பிறகு, விசயம் தெரிந்தவர்களின் பணமும் வந்து சேர்ந்த பிறகு நிற்கிற அந்தக் கடைசி விலைதான் கிடைக்கக்கூடிய எதிர்வுகூறல்களில் ஆகத் திறமானது. நீங்கள் 2.30க்கு வாங்கியது கடைசியில் 2.15 ஆகியிருந்தால், ஆட்டத்தில் தோற்றாலும் நீங்கள் நல்ல வியாபாரம் செய்திருக்கிறீர்கள். திரும்பத் திரும்ப அப்படி நடந்தால் உங்களிடம் சரக்கு இருக்கிறது. நடக்கவில்லையென்றால் இல்லை. நான் அறிய, இந்தக் கொப்பியை எழுதத் தொடங்கிய பல பேர் இரண்டு மாதத்தில் பந்தயத்தை நிறுத்தியிருக்கிறார்கள். சிலர் கொப்பியை நிறுத்தியிருக்கிறார்கள்.

சரக்கு உள்ளவர்கள் இல்லாமல் இல்லை. பிரைட்டன் கழகத்தின் உரிமையாளர் டோனி புளூம், பிரென்ட்ஃபோர்டை வாங்கிய மத்தியூ பென்ஹாம், இருவரும் உதைபந்தாட்டப் பந்தயத்தில் பணம் சேர்த்தவர்கள். தனித்தனியாக நிறுவனம் வைத்து, கணித வல்லுநர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி விலை கணிக்கிறவர்கள். சூது என்றதும் எங்கள் ஆட்கள் தருமரைத்தான் இழுப்பார்கள். எனக்கு நளன் கதைதான் பொருத்தம். சூதில் நாட்டைத் தோற்ற நளன், இருதுபன்ன மன்னனிடம் தேரோட்டியாகச் சேர்கிறான். தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதிலுள்ள காய்களின் எண்ணிக்கையைச் சொல்லக்கூடியவன் அந்த மன்னன். அந்த எண்ணறிவும் சூதறிவும் ஒன்றாகவே கதையில் வருகின்றன. நளன் தன் குதிரை வித்தையைக் கொடுத்து அதைக் கற்ற பிறகுதான் மறுபடி காய் உருட்டுகிறான். இன்றைக்கு நாங்கள் விலைப்பலகைக்கு முன்னால் நிற்கும்போது, மறுபக்கத்தில் இருதுபன்னர்கள் ஒரு அலுவலகம் நிறைய இருக்கிறார்கள்.

தப்பித்தவறி நீங்கள் தொடர்ந்து வெல்லத் தொடங்கினால் கடை என்ன செய்யும் தெரியுமா? உங்கள் கணக்கில் இரண்டு பவுணுக்கு மேல் ஏற்காமல் விடும். அது அவர்களின் உரிமை, பல பேருக்கு நடந்திருக்கிறது. 2000இல் தொடங்கிய பெட்ஃபெயர் போன்ற சந்தைகளில் ஆளுக்கு ஆள் நேராகப் பந்தயம் பிடிக்கலாம், வென்றதில் தரகு மட்டும் எடுப்பார்கள். அங்கே விலை பெரும்பாலும் நயம். ஆனால் எதிரே நிற்பவர் யார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வைப்பது? பெல் ஆய்வுகூடத்தில் வேலைசெய்த ஜோன் கெல்லி 1956இல் ஒரு சூத்திரம் தந்தார். உங்கள் அனுகூலம் எவ்வளவோ அதற்கு ஏற்ற பங்கை வையுங்கள் என்கிறது. எங்கள் உதாரண ஆட்டத்தில் 44 சதவீத வாய்ப்பையும் 2.15 என்ற விலையையும் அதில் போட்டால் விடை பூச்சியத்துக்குக் கீழே போகிறது. அதாவது ஒன்றும் வைக்காதே. சந்தோசத்துக்கு வைக்கிறவர் சூத்திரத்தை விடட்டும். போனால் போகட்டும் என்ற ஒரு தொகையை மாதத் தொடக்கத்தில் ஒதுக்கி, ஒவ்வொரு தடவையும் ஒரே அளவாக வைத்து, முடிந்ததும் நிற்கட்டும். மாதச் சீட்டுக் கட்டுகிற காசும் ஊருக்கு அனுப்புகிற காசும் அந்தத் தொகைக்குள் வரக்கூடாது. தோற்றதும் இரட்டித்து வைப்பது என்ற பழைய நோய் ஒன்று இருக்கிறது. ஐந்து பவுணில் தொடங்கி எட்டுத் தடவை தோற்றால் 1275 பவுண் போய்விடும், ஒன்பதாவதுக்கு 1280 தேவை. அப்படி எட்டுத் தொடர்ந்து தோற்பது எங்கள் விலையில் நூற்றில் ஒரு தரம் நடக்கும். ஒரு பருவத்துக்குள்ளேயே அது உங்களைத் தேடி வரலாம்.

சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். 2020 ஏப்ரல் தொடக்கம் இங்கே கடனட்டையில் பந்தயம் பிடிக்க முடியாது, நல்ல காரியம். பிரீமியர் லீக் அணிகள் 2025-26 பருவத்தோடு ஜேர்சியின் முன்பக்கத்தில் பந்தய நிறுவனப் பெயரை நிறுத்துவதாக ஒத்துக்கொண்டன. முன்பக்கத்தில் மட்டும்தான், கைப்பகுதியில் தடையில்லை. ஆட்டக்காரர்களே இதில் சிக்குகிறார்கள். அப்போது பிரென்ட்ஃபோர்டில் ஆடிய ஐவன் டோனி 232 தடவை பந்தய விதியை மீறியதற்காக 2023இல் எட்டு மாதம் ஆடத் தடைசெய்யப்பட்டார். விசாரணையில் அவருக்குச் சூதாட்ட அடிமைத்தனம் இருப்பதாக மருத்துவர் சொன்னார். பந்தயத்தில் உழைத்த பணம் ஓடுகிற கழகத்தில், பந்தயம் பிடித்ததற்காக ஆட்டக்காரர் வெளியே. இதற்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. வீட்டில் யாருக்காவது கை நிற்கவில்லையென்றால் கேம்ஸ்டொப் என்ற விலக்குப் பதிவில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். இங்கே உரிமம் பெற்ற எல்லா இணையக் கடைகளும் அவருக்குக் கதவை ஒருசேர மூடவேண்டும். காசு கொடுத்துக் கடனை அடைப்பதற்கு முதல் அதைச் செய்யுங்கள். அடைத்த கடன் அடுத்த பந்தயத்துக்கு முதலாகிவிடும்.

நேரம் போய்விட்டது. பின்னால் இருந்து ஒரு தம்பி துண்டு எழுதி அனுப்பியிருக்கிறார்: "மாஸ்டர், சமநிலைக்குத்தான் ஒருவரும் காசு போடுவதில்லை, அப்ப அதிலே விலை நயமாக இருக்குமா?" நல்ல கேள்வி தம்பி. சனம் வெற்றியைத்தான் விரும்பி வாங்கும் என்பது உண்மை. ஆகவே கேட்டது முறையான சந்தேகம். ஆனால் நான் சொன்ன ஆட்டத்தில் நியாயமான விலை 3.92, கடை எழுதியது 3.70. நூறுக்கு 94 திரும்பும், உள்ளூர் அணிக்குப் போட்டாலும் அதே அளவுதான். அடுத்த கிழமை பத்து ஆட்டத்துக்கும் ஒன்றை வகுத்துக் கூட்டிப் பாருங்கள், 105 வருகிற கடை எது, 102 வருகிற கடை எது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். காசு வைக்கத் தேவையில்லை.